பொட்டு வைத்த மிஷினும் என் வயிற்றெரிச்சலும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவரின் சட்டையிலிருந்து வந்தது. வெள்ளைச் சட்டை. வலது தோளுக்குக் கீழே விரல் அகலத்துக்குக் குங்குமம், பக்கத்தில் காய்ந்துபோன சந்தனம். துவைக்க எடுத்தபோது பார்த்தேன். எங்கள் வீட்டில் குங்குமம் கிடையாது. சேந்தமங்கலத்தில் எங்கள் தெரு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்களோ அதைத்தான் நானும் நினைத்தேன். சட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

“ஏனுங்க, இதென்னங்க?”

ஆதில் சாவகாசமாகத் திரும்பிப் பார்த்தார். “அதா? மிஷினுக்குப் பொட்டு வெச்சிருந்தாங்க. பின்னால பூந்து ஒயர் மாட்டறப்ப ஒட்டிருச்சு.”

பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை எனக்கு நன்றாக வரும். ஆனால் கேட்ட மாத்திரத்திலேயே இது உண்மை என்று தெரிந்துவிட்டது. இப்படி ஒரு பொய்யைக் கட்டுகிற சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. கதை எழுதுகிற எனக்கே கிடையாது.

“யாரு வெச்சது?”

“அங்க வாச்மேன் செங்கோடன். அப்பறம் நானும் அருள்மொழியும் நாள் பூரா அதத் தொடச்சுத் தொடச்சு எடுத்தோம்.”

நானும் அருள்மொழியும். நாள் பூரா. அந்த இடத்தில்தான் இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. சட்டையை வாளியில் போட்டுவிட்டு, நோன்புக் கஞ்சிக்கு அரிசியை ஊறவைத்துவிட்டு, தாளை எடுத்து உட்கார்ந்தேன்.

2

(இந்தப் பகுதியில் மிஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிடிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் பிடிக்கவில்லை.)

ஆதில் சேலத்தில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். பெரிய பெரிய அலுவலகங்களின் கணக்கு, படம், விவரம் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் மிஷின்களைக் கொண்டுபோய் வைத்து, ஒயர் மாட்டி, கரண்ட் கொடுத்து ஓட வைப்பது அவர் வேலை. ‘ஸ்டோரேஜ்’ என்பார்கள். ஆள் உயர இரும்பு பீரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே புடவைக்குப் பதிலாக வரிசை வரிசையாக டிஸ்க்.

அப்படி ஒன்று கொல்லிமலையில், வாசலூர்பட்டி ஏரியைத் தாண்டி, ஒரு மருந்துக் கம்பெனியின் மூலிகை நிலையத்தில் இருக்கிறது. கீழே சேலத்தில் இருக்கும் விவரமெல்லாம் அழிந்துபோனாலும் மேலே ஒரு பிரதி இருக்கட்டும் என்று வைத்தார்களாம். அந்த மிஷினைப் பார்த்துக்கொள்கிறவள்தான் அருள்மொழி. அதே மலையில் அரியூர் நாட்டுப் பெண். நாமக்கல்லில் டிப்ளமோ படித்தவள். மிஷின் வந்து இறங்கிய நாளிலிருந்து அவளும் ஆதிலும் சேர்ந்து…

சேர்ந்து என்ன? இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை. இப்படியே கிடக்கட்டும்.

இனி, நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்.

அ. “பனி மூடிய கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பைக் ஏறிக்கொண்டிருந்தது.” கிழித்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஒட்டும் சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கிறது. தவிர, பைக் என்று எழுதியதும் பின்சீட்டில் யார் என்று என் மனசு கேட்கிறது. யாருமில்லை. அவள் மலையிலேயே இருக்கிறாள். இருந்தாலும் கேட்கிறது.

ஆ. “அருள்மொழி அவனுக்காகக் காத்திருந்தாள்.” கிழித்துவிட்டேன். காத்திருந்தது என்னவோ நிஜம். மிஷின் படுத்துவிட்டால் இன்ஜினியருக்காகக் காத்திருக்கத்தானே வேண்டும்.

இ. “செங்கோடன் நல்ல மனுஷன்.” இதில் யாருக்கும் வயிறு எரியாது. இதிலிருந்து போவோம்.

3

செங்கோடன் நல்ல மனுஷன். நிலையத்தின் வாச்மேன். ஆயுத பூஜை வந்தால் அங்கிருக்கும் மண்வெட்டி, கடப்பாரை, ஜீப், மூலிகை அரைக்கும் மிஷின், டைப் அடிக்கும் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, படையல் போடுவது அவர் பொறுப்பு. அன்று எந்தக் கருவியும் வேலை செய்யக்கூடாது. வருஷம் முழுக்க உழைத்ததற்கு ஒரு நாள் ஓய்வு. நம் ஊரில் சைக்கிள் கடைக்காரர் முதல் லாரி ஓனர் வரை எல்லாரும் செய்வதுதான்.

இந்த வருஷம், 2004-இல், ரம்ஜான் நோன்புக்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. அருள்மொழி பூஜைக்கு லீவு போட்டுவிட்டுத் தன் ஊருக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது செங்கோடனிடம், “அண்ணா, உள் ரூம்ல இருக்கற பெரிய மிஷினுக்கு மட்டும் பொட்டு கிட்டு வெச்சராதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவள் போனதும் செங்கோடன் உள் அறைக்குப் போய்ப் பார்த்தார். ராத்திரி பகல் பாராமல் உறுமிக்கொண்டிருந்தது அந்த மிஷின். ஜீப்புக்குக்கூட ஓய்வு உண்டு, இதற்கு மட்டும் இல்லையா என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. கரண்டை நிறுத்தினார். நிறுத்தியதும் அறை அமைதியானது. அந்த அமைதியில், அத்தனை பொருளுக்கும் பொட்டு வைத்துவிட்டு இதை மட்டும் மூளியாக விடுவது அவருக்குப் பெரிய குற்றமாகத் தோன்றியிருக்கிறது.

பின்னாலிருந்த ஒயர்களையெல்லாம் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் அழகாகச் சுருட்டி வைத்தார். எது எங்கே போக வேண்டும் என்று ஒயரில் ஒட்டியிருந்த சீட்டுகள் அழுக்காக இருந்தன. உரித்துப் போட்டுவிட்டார். பிறகு சந்தனம், குங்குமம், மாலை. மிஷினைச் சுற்றிக் கலர் கலராக சீரியல் லைட்.*

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். பிற்பாடு ஆதிலிடம் அவர் சொன்னது இது: “எல்லா ஓட்டையும் ஒரே மாதிரிதானுங்க இருந்துச்சு. ஒரு ஓட்டைகூட சும்மா வுடல சார். எல்லாத்துலயும் ஏதோ ஒண்ணு சொருகித்தான் இருக்கேன்.” ஸ்விட்சைப் போட்டார். சிவப்பு விளக்குதான் எரிந்தது. விளக்கு எரிகிறதே, போதும் என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

கீழே சேலத்தில் மருந்துக் கம்பெனி மேனேஜர் மாதேஸ்வரனுக்கு டீ இறங்கவில்லை. மேலே இருந்த பிரதியைக் காணோம் என்று அவர் கம்ப்யூட்டர் சொன்னது. ஊரிலிருந்து அருள்மொழியை வரவழைத்தார். ஆதிலுக்கு போன் போட்டார்.

* இதை நான் சேர்த்தேன் என்று நினைக்கிறீர்கள். இல்லை. அந்த லைட்டின் ப்ளக்கை அவர் எங்கே சொருகினார் என்பது அடுத்த பகுதியில் வருகிறது.

4

ஒயர் மாட்டுவது எப்படி என்று தெரியாமல் இந்தக் கதையை எழுத முடியாது. அன்றைக்கு நோன்பு திறந்த பிறகு ஆதிலிடம் கேட்டேன். என் கதைக்காக அவர் வேலையைப் பற்றி நான் கேட்பது அதுதான் முதல் தடவை. மனுஷனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நாலு தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே இரண்டு தம்ளரை வைத்தார்.

“தம்ளர் ரெண்டும் தலை. தட்டு நாலும் டிஸ்க் அடுக்கு. ஒரு தலை செத்தாலும் இன்னொரு தலை வேலையப் பாக்கணும். அதனால ஒவ்வொரு தட்டுக்கும் ரெண்டு தலையில இருந்தும் ஒயர் வரணும். ஒண்ணு மேல இருந்து கீழ வரும், இன்னொண்ணு கீழ இருந்து மேல போகும். நடுவுல ஒரு தட்டு போனாலும் மத்தது தப்பிச்சுக்கும்.”

“கரண்ட்டு?”

“அதுவும் ரெண்டு. வேற வேற யுபிஎஸ்ல இருந்து. ஒண்ணு போனா ஒண்ணு.”

அந்த மிஷினில் எல்லாமே இரண்டிரண்டு. ஒன்று போனால் இன்னொன்று தயாராக நிற்கும். எனக்கு அந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. சொல்லவில்லை, எழுதிக்கொண்டேன்.

செங்கோடன் இரண்டாவது யுபிஎஸ்ஸில் சீரியல் லைட்டைச் சொருகிவிட்டு, மிஷினின் மொத்த கரண்ட்டையும் முதலாவதில் கொடுத்திருந்தாராம். தலையும் தட்டும் தாறுமாறாகக் கலந்து கிடந்தனவாம். அதைவிடப் பெரிய தப்பு, முதல் மரியாதை தலைக்கு என்று தலையின் ஸ்விட்சை முதலில் போட்டது. தட்டுகளுக்குத்தான் முதலில் கரண்ட் கொடுக்க வேண்டும். எல்லா டிஸ்க்கும் சுற்றி, பச்சை விளக்கு வந்த பிறகுதான் தலை. தலை முதலில் கண் விழித்தால் கீழே ஒன்றையும் காணோம் என்று முடிவு கட்டிவிடும். அப்புறம் தட்டுகள் வந்து நின்றாலும் லேசில் நம்பாது. இந்தத் தலை எனக்கு நன்றாகப் புரிந்தது.

“அப்பறம் எப்படி சரி பண்ணுனீங்க?”

“எல்லாத்தையும் நிறுத்திட்டு, எல்லா ஒயரையும் கழட்டி, புதுசா மாட்டுனோம். நான் பின்னால. அருள்மொழி முன்னால நின்னு விளக்கப் பாத்துச் சொல்லுவாங்க. மூணாந்தட்டு, கீழ் வாய்னு நான் சொல்றதுக்கு முந்தியே அவங்க கையில அந்த ஒயரு இருக்கும். நெம்பக் கெட்டி.”

சீரகம் எடுங்கள் என்றால் கடுகு டப்பாவை நீட்டுகிற மனுஷன் இவர். அடுப்படியில் நான் என்ன தேடுகிறேன் என்று ஒரு நாளும் தெரிந்ததில்லை. அங்கே இரும்புக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் இவர். முகம் பார்க்காமலே ஒருவருக்கு வேண்டியது இன்னொருவர் கையில் இருக்கிறது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் சினிமாவுக்குப் போயிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது என்று சத்தியமாகச் சொல்கிறேன்.

“நோன்பு எப்படித் திறந்தீங்க?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“அதுவா, கடைசித் தட்டுக்குப் பச்சை விளக்கு வரக் காத்திருந்தோமா, அப்பப் பார்த்து நேரமாச்சு. அருள்மொழி ஒரு தட்டுல மலைவாழப்பழமும் தண்ணியும் கொண்டாந்து குடுத்தாங்க.”

பள்ளிவாசலில் திறந்திருக்கிறார், பஸ்ஸில் திறந்திருக்கிறார், அதெல்லாம் வேறு. ஒருத்தி நேரம் பார்த்து, பழத்தைத் தட்டில் வைத்து, கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள். எனக்கு அன்றைக்கு வீட்டில் கஞ்சி தொண்டைக்குள் இறங்கியது, அங்கே அவர் வாழைப்பழம் சாப்பிட்டார் என்று தெரியாமலே.

5

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். ஒழுக்கத்தில் சொல்லவில்லை, எழுத்தில் சொல்கிறேன். ஆதில் சொல்வதை மட்டும் வைத்து எழுதினால் அருள்மொழிக்குக் குறையே இல்லை. கெட்டிக்காரி, பொறுமைசாலி, கேட்பதற்கு முன்னால் ஒயரை நீட்டுகிறவள். இப்படி ஒருத்தி இருக்க முடியுமா? கதையில் விட்டால் வாசகர் நம்ப மாட்டார்.

அதனால் முதல் பிரதியில் அவளுக்குப் பல்லைக் கொஞ்சம் எடுப்பாக வைத்தேன். இரண்டாவது பிரதியில் வாயாடி ஆக்கினேன். மூன்றாவதில் அவளுக்கு ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்து, திருப்பூருக்கு அனுப்பிவிட்டேன். மாப்பிள்ளை பெயர் யுவராஜ், பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல பையன். ஒரு பக்கம் முழுக்க அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். அப்புறம் கதையில் மிஷினைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போய், அவளைத் திரும்பவும் மலைக்குக் கூட்டிவர வேண்டியதாகிவிட்டது.

இதற்கு நடுவில் வீட்டில் இன்னொன்று நடந்தது. மாதேஸ்வரன் போன் போட்டார். பூஜையில் பட்ட அவஸ்தை போதும், மேலே பொறுப்பான ஆள் ஒருத்தர் நிரந்தரமாக வேண்டும், ஆதில் வந்துவிடுகிறாரா என்று கேட்டார். வாரம் முழுக்க மலையில் தங்கல், ஞாயிற்றுக்கிழமை வீடு.

ஆதில் என்னைப் பார்த்தார். “போலாம்னுதான் தோணுது. ஆனா நீ சொல்றதுதான் சலீமா.”

“யோசிக்கணும்.”

“கதைய முடிச்சுட்டுச் சொல்லு. திங்கக்கெழமை அவருக்குப் பதில் சொல்லோணும்.”

ஆக, வாசகரே, இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பது வெறும் கதை இல்லை. இதை முடித்தால் நான் பதில் சொல்லியாக வேண்டும். போகச் சொன்னால் வாரம் முழுக்க அவர் மிஷினுக்கு ஒரு பக்கம், அவள் இன்னொரு பக்கம். போக வேண்டாம் என்றால், அவர் ஆசைப்பட்ட ஒரு வேலையை என் வயிற்றெரிச்சலுக்காகக் கெடுத்தவள் நான். இத்தனை பிரதி எழுதியதற்கு இதுதான் காரணம்.

6

பெருநாள் முடிந்த அந்த வாரமே ஒரு தூக்கில் சேமியாப் பாயசத்தை ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கதைக்கு இடம் பார்க்கப் போகிறேன் என்று ஆதிலிடம் சொன்னேன். அது பொய் இல்லை. காரவள்ளி தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஒவ்வொரு வளைவுக்கும் பாயசம் ஒரு பக்கம் சாய்ந்தது, நான் ஒரு பக்கம் சாய்ந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, “தூக்க மடியில வெச்சுக்க கண்ணு” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

நிலையத்தில் கேட்டைத் திறந்தது செங்கோடன்தான். ஆதில் வீட்டிலிருந்து என்றதும் மனுஷன் கூனிக் குறுகிவிட்டார். “சாரு எம்மேல கோவமா இருக்காருங்களா அம்மிணி?” என்று கேட்டார். இல்லை என்றேன். “நல்லதுக்குத்தானுங்க பண்ணுனேன்” என்றார். அது எனக்குத் தெரியும்.

உள் அறையில் ஏசி ஆளை உறைய வைத்தது. அங்கே ஒரு பெண் ஸ்வெட்டர் போட்டு, அதற்குமேல் குரங்குக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி நின்றிருந்தாள். அவள்தான். குல்லாய்க்குள் முகத்தில் பாதிதான் தெரிந்தது. என் மூன்று பிரதிகளிலும் அவளுக்கு ஜலதோஷம் இல்லை. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

“வாங்கக்கா. சார் சொன்னாரு, நீங்க என்னைய வெச்சுக் கதை எழுதறீங்களாமா?” என்றாள். “நான் நல்லவளா கெட்டவளாங்க அதுல?”

“இன்னும் முடிவு பண்ணல.”

“கெட்டவளாவே எழுதுங்க. நல்லவள யாரு படிப்பா?”

மிஷினைக் காட்டினாள். திருகாணிகளின் பள்ளத்தில் இன்னும் சந்தனம் இருந்தது. ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் புதுச் சீட்டு, அதன்மேல் கண்ணாடி டேப். “பொட்டு வெக்காதீங்கன்னு சொல்லீட்டுப் போனங்க்கா. நிறுத்தாதீங்கன்னு சொல்லல. அத ஒரு மனுஷன் நிறுத்துவாருன்னு யாரு நெனப்பா?” என்றாள்.

“அவருக்கு நோன்பு திறக்கப் பழம் குடுத்தீங்களாமே” என்றேன். பஸ் ஏறியதிலிருந்து தொண்டையில் நின்ற கேள்வி.

“ஆமாங்க. காலைல இருந்து பச்சத் தண்ணி குடிக்காம, பின்னால குத்த வெச்சு வேலை பாக்கறாரு. மயங்கி மிஷின் மேல வுழுந்துட்டா என்ன பண்றது? இருக்கற ஒயரும் போயிருமுல்ல.”

பாயசத்தைத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள், “அக்கா, தப்பா நெனக்காதீங்க. சார இந்த வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லீருங்க.”

அப்படியானால் ஏதோ இருக்கிறது. வர வேண்டாம் என்று அவளே சொல்கிற அளவுக்கு ஏதோ… 

(இந்த வாக்கியத்தையும் முடிக்கப் போவதில்லை. அது எந்த அளவுக்குத் தப்பு என்பதை அவள் அடுத்து சொன்னதைக் கேட்டால் உங்களுக்கே தெரியும்.)

“ஏன்?”

“இது என்னோட வேலைங்க.” குல்லாயைத் தலையிலிருந்து பிடுங்கி எடுத்தாள். “இந்த மிஷினு லாரில வந்து இறங்கறப்ப பெட்டியப் பிரிச்சவ நான். தெனமும் இதோட கெடக்கறவ நான். இன்னும் டெம்ப்ரவரிதான். நெரந்தரமா ஒரு போஸ்ட் வரும் வரும்னு உக்காந்திருந்தேன். வந்துச்சு. வந்ததத் தூக்கி உங்க ஊட்டுக்காரருக்குக் குடுக்கறாங்க. பொறுப்பான ஆளு வேணுமாமா. பூசைக்கு ஊருக்குப் போனது என் பொறுப்பில்லாத்தனமா?”

“அவர்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே?”

“சாரு நல்லவருங்க. சொன்னா அந்த நிமிஷமே எனக்கு வேண்டாம்னுருவாரு. அப்பறம் அது பாவம் பாத்து வுட்டுக்குடுத்த வேலையாயிரும். எனக்கு வேண்டாங்க அப்படி.” மூக்கை உறிஞ்சினாள். இந்தத் தடவை அது ஜலதோஷம் இல்லை. “உங்களுக்குச் சொன்னா என்ன, அவரு பின்னால பூந்து ஒயரத் தொடறப்பவே எனக்குப் பத்திக்கிட்டு வரும். என் மிஷினு, அவரு கைய வெக்கறாரேன்னு. அவரு கேக்கறதுக்கு முந்தியே நான் ஒயர எடுத்து நீட்டறது எதுக்குங்கறீங்க? இவருக்கு முன்னாடி எனக்குத் தெரியுதுன்னு காட்டத்தான்.”

மூன்று பிரதிகளாக நான் வயிறெரிந்த அந்த ஒயர் நீட்டலுக்கு இதுதான் அர்த்தம். நான் அவளைப் பார்த்து எரிந்துகொண்டிருந்த அதே நேரத்தில் அவள் என் கணவரைப் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறாள். நடுவில் நின்ற ஆதிலுக்கு இரண்டு பக்கத்துச் சூடும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும்தான்.

“ஊட்டுல சம்மதிக்கலன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லீட்டா யாருக்கும் கொறையில்லீங்க்கா” என்றாள் அருள்மொழி. “நீங்க கோவக்காரங்கன்னு அவரே சொல்லீருக்காரு. நம்புவாரு.”

என்னைப் பற்றி இவளிடம் என்னென்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்கத் தோன்றியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

7

முடிவுகள்.

முதல் முடிவு: வேண்டாம் என்கிறேன். அவர் போகவில்லை. எனக்கு என் கணவர் வாரம் முழுக்க வீட்டில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது நான் வேண்டாம் என்றால் அது அவள் கேட்டு நான் செய்தது. அவள் வேலைக்காக என் கோபத்தைக் கடன் வாங்கியிருக்கிறாள். ஜெயித்தது அவள். அவள் ஜெயிக்கிற ஒரு முடிவை என் கையால் எழுத எனக்கு மனசு வரவில்லை. (அவள் கேட்டது நியாயம். அது தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் அதிகமாக எரிகிறது.)

இரண்டாவது முடிவு: போகச் சொல்கிறேன். பெரிய மனசு பண்ணிய மனைவி. ஆனால் அங்கே அவர் போனால் அருள்மொழியின் வேலை போனது. தினமும் அவள் மிஷினில் அவர் கை வைப்பார், தினமும் அவள் பற்றிக்கொண்டு நிற்பாள். நான் இங்கே ஞாயிற்றுக்கிழமைக்காகக் கஞ்சி காய்ச்சுவேன். மூன்று பேரும் எரிவதற்கு ஒரு முடிவு எதற்கு?

மூன்றாவது முடிவு: அவரிடம் உண்மையைச் சொல்கிறேன். அவர் உடனே விட்டுக்கொடுப்பார். அவள் சொன்ன மாதிரியே, பாவம் பார்த்து. அப்புறம் ஊரெல்லாம், அந்த மலையெல்லாம், அவளுக்காக வேலையை விட்டவர் என் கணவர். இந்தப் பட்டத்தை நான் வாங்கிக் கொடுக்கவா?

நான்காவது: செங்கோடனை வைத்து மறுபடியும் மிஷினை நிறுத்திவிடலாம். இது வேண்டாம். அவர் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

8

இந்தத் தாள்களைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தது நான்தான். மறந்து வைத்தேனா, வேண்டுமென்றே வைத்தேனா என்று என்னைக் கேட்காதீர்கள். கறி வாங்கக் கடைக்குப் போய்விட்டு வந்தேன். வந்தபோது ஆதில் மேஜையில் உட்கார்ந்து ஏழாவது பகுதியைப் படித்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

நான் பையைக் கீழே வைக்காமல் நின்றேன். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். குங்குமத்தைக் கேட்டால் இப்படி, வாழைப்பழத்தைக் கேட்டால் இப்படி. திருப்பூர் மாப்பிள்ளையைக் கேட்டால் அது சும்மா விளையாட்டுக்கு என்று. ‘ஏன் புள்ள இப்படி எரிஞ்சுட்டுக் கெடந்த, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்ல’ என்று அவர் கேட்டால் அழுவதென்றும் முடிவு செய்திருந்தேன்.

அவர் கடைசித் தாளை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“நெசமா இது?”

“எது?”

“அருள்மொழிக்கு அந்த வேலை வேணுமா?”

இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். என் வயிற்றை அறுத்து வைத்த மாதிரி பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். மனுஷன் எல்லாவற்றையும் தாண்டிப் போய் அவள் வேலையில் நின்றார்.

“வேணுமாமா” என்றேன்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க பாவம் பார்ப்பீங்கன்னு.”

“பாவமா?” என்று கேட்டார். தாள்களைத் தட்டி ஒன்றாக அடுக்கினார். “நான் அங்க போலாம்னு நெனச்சது எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?” என்றார். தெரியாது என்று நான் சொல்வதற்குள் எழுந்து கூடத்துக்குப் போய்விட்டார். போன் இருக்கிற இடத்துக்கு. ஞாயிற்றுக்கிழமையும் அவள் அந்த மிஷினோடுதான் கிடப்பாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம்பர் எழுதிய சீட்டு போனுக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது. அதைப் பார்க்காமலே சுழற்றினார்.

இப்போது நான் அடுப்படியில் நின்று, கறிப்பை பக்கத்தில் இருக்க, இந்தக் கடைசித் தாளை எழுதிக்கொண்டிருக்கிறேன். “அருள்மொழிங்களா? ஆதில் பேசறனுங்க” என்றார். அது கேட்டது. “இல்லீங்க, மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க” என்றார். அதுவும் கேட்டது. அப்புறம் குரல் தணிந்துவிட்டது. எதற்காக மலைக்குப் போக நினைத்தார் என்பதை என்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டு, அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாரா? அல்லது வேலை உனக்குத்தான் என்கிறாரா? அல்லது, பொறாமை பிடித்தவள் ஒருத்தி எழுதியதை நம்ப வேண்டாம் என்கிறாரா?

போய்ப் பக்கத்தில் நின்றால் தெரிந்துவிடும். போக மாட்டேன். என் கால் போகாது.

நீங்கள் போங்கள். உங்களை அவருக்குத் தெரியாது, தைரியமாகப் பக்கத்திலேயே நிற்கலாம். வேலை யாருக்கு என்று முடிவானதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அது நாளைக்கு எனக்கும் தெரியப்போகிறது. கதையையும் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள், அவள் ஜெயித்தாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும். அவளோடு பேசும்போது அவர் சிரித்தாரா?